ஏட்டய்யா வீட்டுச் சஸ்பென்சன்

ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை 9.40, தூறல். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் நிற்பவர்களே பதினான்கு பேர். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் போலீஸ் ஏட்டு ஒருவரின் மனைவி. மற்றவர், அந்த ஏட்டின் மகளைக் கட்டப்போகும் பையனின் தாய். எல்லாம் அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்ததுதான்.

“அண்ணன் கொண்டாந்து விடலையா மதினி?” என்றார் பையனின் தாய்.

“எங்க விட? சஸ்பென்சன் ஆயிப்போச்சுல்லா. அதான் பஸ்ல வாரேன்.”

“ஆத்தாடி! எப்பிடி?”

“அய்யனார் கோவிலுக்குப் போன அன்னைக்குத்தான். சொல்லச் சொல்லக் கேக்காம அளவுக்கு மீறி ஏத்திட்டாக.”

பையனின் தாய் குரலைத் தாழ்த்தினார். “அண்ணனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் உண்டுமா?”

“எப்பமும் அப்பிடித்தான். இப்ப பதினெட்டாயிரம் கேக்கான். குடுத்தா ரெண்டு நாள்ல சரியாக்கிருவானாம்.”

ஏட்டு குடித்துவிட்டுப் பணியிடைநீக்கம் ஆகிவிட்டார், யாரோ லஞ்சம் கேட்கிறான் என்றே நானும் நினைத்தேன்.

“அப்ப கல்யாணத் தேதியச் செத்த தள்ளி வைப்போம் மதினி. எங்க வீட்டுல அவிய ஒத்துக்கிட மாட்டாக.”

“காரு ரிப்பேருக்கா கல்யாணத்தத் தள்ளுவாக?”

“காரா?”

“பின்ன? ஒம்பது பேர ஏத்துனா காரு சஸ்பென்சன் தாங்குமா? முன் சக்கரம் ரெண்டும் தடதடங்குது. அவிய டூட்டியிலதான் இருக்காக!”

பையனின் தாய் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

“சரி மதினி, தேதி அப்பிடியே இருக்கட்டும். பத்திரிகை வைக்க வாரப்ப மட்டும் அண்ணன யூனிபார்மோட வரச் சொல்லுங்க.”

நான் இறங்கவேண்டிய மடவார் வளாகம் எப்போதோ போய்விட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிவர ஆட்டோ பிடித்தேன். காரே இல்லாத எனக்கு அந்தச் சஸ்பென்சனால் ஆன செலவு அறுபது ரூபாய்.