பழுதா, புதுசா

வில்லியனூர் கொம்யூன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு ரூபாய்கூடப் பொய் எழுதாத கணக்கன் ஒரே ஒருவன்தான் கிடைப்பான். அது நான். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம் சார். வாக்குமூலத்தில் ஆள் யார் என்று முதலில் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பெயர் கமலக்கண்ணன், வயது இருபத்தைந்து, பி.காம். என் தாய்மாமா கோவிந்தராஜ் நடத்தும் மோட்டார்ப் பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே பன்னிரண்டு ரூபாய் டீக்கும் ரசீது உண்டு.

பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் வயல்கொல்லை மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். விலை எட்டாயிரத்து ஐந்நூறு. பாகூர், கரியமாணிக்கம், செல்லிப்பட்டு என்று இதுவரை இரண்டாயிரத்து நூற்று நாற்பது விற்றிருக்கிறோம். விற்ற அன்றே முழு விலையையும் வருமானமாக எழுதிவிடுவது என் வழக்கம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் செல்லிப்பட்டில் ஒரு பசு மோட்டார்க் குழாயை நக்கிச் செத்துப்போனது. பெட்டிக்கு மென்பொருள் எழுதுகிற தீபிகா போய்ப் பார்த்தாள். மூன்று கம்பியில் போகிற மின்சாரத்தையும் பெட்டி அளந்து பதிந்துகொள்ளும். மூன்றும் ஒத்துவராவிட்டால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அளக்கிற உறுப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. கசிந்தால் மோட்டாரை நிறுத்து என்ற உத்தரவு மட்டும் மென்பொருளில் இல்லை. மூன்றே வாரத்தில் அதை எழுதிவிட்டாள். சிம் வழியாகவே எல்லாப் பெட்டிக்கும் அனுப்பலாம், செலவு ஒன்றும் கிடையாது. படிவத்தில் வகை என்ற இடத்தில் ‘பழுது நீக்கம்’ என்றும், விலை என்ற இடத்தில் ‘இலவசம்’ என்றும் நிரப்பி என் மேசைக்கு அனுப்பினாள்.

கணக்கு விதி உங்களுக்குப் பழக்கமிருக்காது. பழுது என்றால் இலவசமாகத் தரலாம். ஆனால் விற்ற இரண்டாயிரத்து நூற்று நாற்பதும் பழுதுள்ளவை என்று ஒப்புக்கொண்டு, அதற்கான நஷ்டத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். பழுதில்லை, புதிதாக ஒன்றைச் சேர்க்கிறோம் என்றால் இலவசமாகத் தருவதில் வேறு சிக்கல். விற்ற அன்று முழுப் பொருளையும் நீ கொடுக்கவில்லை, பாக்கி வைத்திருக்கிறாய், பிறகு எப்படி முழு விலையையும் வருமானமாக எழுதினாய் என்று ஆடிட்டர் கேட்பார். இரண்டு வருடக் கணக்கையும் பிரிக்க வேண்டிவரும். அதற்கும் ஒரு வழி உண்டு. சின்னதாக ஒரு விலை வைத்துவிட்டால் அது தனி வியாபாரம். பழைய கணக்கை யாரும் தொடமாட்டார்கள்.

அப்போது வங்கியில் அறுபது லட்சம் கடன் கேட்டிருந்தோம். மாமாவிடம் கேட்டேன். “ரூல்ஸ்ல எது கரெக்டோ அதச் செய்டா” என்றார். தீபிகா எழுதியதை அடித்தேன். ‘புது வசதி, ரூபாய் 49’ என்று எழுதினேன்.

தீபிகா நேரே வந்துவிட்டாள். “கரெண்டு அடிச்சு ஆள் சாவாம இருக்கறது உனக்குப் புது வசதியா கமல்? பிரேக் புடிக்காத வண்டிய சரி பண்ணா அதுக்கு இன்னா பேரு வெப்ப?”

“பிரேக் இருக்குன்னு சொல்லி நாம விக்கலையே.”

“சரி. கட்டாதவங்களுக்கு என் சம்பளத்துல நான் கட்டறேன். அவங்க பேர்ல வரவு வெச்சுக்க.”

“கட்டாதவன் கட்டினதா எழுதினா அதுக்குப் பேரு பொய்க்கணக்கு. வாங்க தர்மப்பிரபு, போய்ட்டு வாங்க.”

அந்தப் பெயர் ஆபீசில் ஒட்டிக்கொண்டது. இரண்டு வாரம் நாங்கள் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம்.

எல்லோருக்கும் குறுஞ்செய்தி போனது: உங்கள் பெட்டிக்குப் புது வசதி வந்துள்ளது, ரூ.49 செலுத்திப் பெறலாம். எதற்கான வசதி என்று எழுதவில்லை. எழுதினால் அதுவரை அது இல்லை என்று ஆகிவிடும்.

ஆவணிக் கடைசியில் கரியமாணிக்கத்திலிருந்து இருசப்பன் பஸ் பிடித்து வந்தார். ஒன்றரைக் காணி குத்தகைக்கு எடுத்து நெல் வைத்திருந்தவர். பட்டன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இன்னா தம்பி இது? பொட்டில இன்னாமோ பழுதுன்னு வந்துகீதா?”

“பழுது இல்லீங்க. புது வசதி.”

“பழுதுன்னா சொல்லு, கையோட கட்டிட்டுப் போறேன். மழ வேற புடிச்சிக்கிச்சு.” சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, மடிப்பை நீவிவிட்டார்.

ஒரு வார்த்தைதான் சார். பழுது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வாடிக்கையாளரிடம் பழுது என்று சொன்னால் இரண்டாயிரத்து நூற்று நாற்பதும் பழுது. வாயில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்று எனக்குப் பழக்கமில்லை.

“பழுதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கு. இது புதுசு. வேணும்னா போட்டுக்கலாம், வேணான்னா விட்டுடலாம்.”

“அதான பாத்தேன். நல்லா ஓடறதுக்கு இன்னாத்துக்குப் புதுசு? எம் மருமவன் இப்டித்தான் புதுசாக்கறேன்னு நோண்டி, வூட்டு டிவில படமே வராமப் பண்ணிட்டான்.” தாளை எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். “இதுல ருக்குமணிக்கு நாலு போண்டா வாங்கினு போறேன். வில்லினூர் போயி வெறுங்கையோட வந்தியான்னு கேப்பா.”

எழுந்துபோகும்போது எனக்குக் கும்பிடு போட்டார். நானும் போட்டேன்.

புரட்டாசி நான்காம் தேதி, முந்தின நாள் மழையில் கொல்லை ஊறிக் கிடந்தது. இருசப்பன் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட்டுவிட்டு, பிறகு வயலுக்கு நடந்துபோய், சேற்றுக் காலைக் கழுவக் குழாயைப் பிடித்திருக்கிறார். பெட்டியின் பதிவை நான் எடுத்துப் படித்தேன். காலை 6.52-லிருந்து மூன்று கம்பிக் கணக்கும் ஒத்துவரவில்லை. அவர் குழாயைத் தொட்டது 7.31. முப்பத்தொன்பது நிமிடம் பெட்டிக்கு விஷயம் தெரியும். நிமிடத்துக்கு நிமிடம் ஒழுங்காக எழுதியும் வைத்திருக்கிறது.

உங்கள் கோப்பில் இருக்கிற கம்பெனிக் கடிதமும் நான் எழுதியதுதான். ‘பெட்டியில் பழுது ஏதும் இல்லை. புது வசதி குறித்து வாடிக்கையாளருக்கு நேரிலேயே தெரிவிக்கப்பட்டது. அவர் மறுத்துவிட்டார்.’ மாமா அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே கடனும் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கம்பெனி சார்பில் நான் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ருக்குமணி அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏம்பா, நெஜத்தச் சொல்லு. பொட்டி பழுதா?”

“இல்லம்மா.”

“கரெண்டு ஆபீஸ்காரன் வந்து ஒயர மாத்திட்டுப் போய்ட்டான். பொட்டியப் பத்தி நீங்கதான் சொல்லணும்னான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பழுது இல்லன்னா சரி. பயிர் காயுது. காலைல நான்தான் போயி மோட்டார் போட்டாவணும்.”

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. வெயிலில் நின்றபடியே என் போனிலிருந்து நாற்பத்தொன்பது ரூபாய் கட்டினேன். நான்கு நிமிடத்தில் அந்தப் பெட்டிக்குப் புது மென்பொருள் போய்ச் சேர்ந்தது. ரசீது போட்டேன். கட்டியவர் என்ற இடத்தில் ருக்குமணி என்று எழுதினேன். வகை என்ற இடத்தில் ‘புது வசதி’ என்று எழுதினேன்.

தீபிகாவிடம் சொல்லவில்லை. கட்டியவர் என்று எழுதிய அந்த ஒரு பெயரைத் தவிர என் புத்தகத்தில் வேறு பொய் எதுவும் இல்லை சார்.