கழற்றி வைத்த பேட்டரி

வீட்டிலும் வேலையிடத்திலும் என்னைச் சின்னி என்று அழைப்பார்கள். வயது இருபத்தாறு. திருமணம் ஆகவில்லை. ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தொகுத்துக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். அச்சகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில் வலதுபுற வீட்டில் என் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை ஆகியோருடன் வசித்து வந்தேன். அப்பா அம்மா இருவரும் இல்லை. குழந்தையைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்வேன். அண்ணி துணி தைக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். அண்ணன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர்.

என் கம்ப்யூட்டர் பழையது, வீடியோ ஓட்டினால் திணறும். அதனால் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்க முடிவு செய்து நானும் அண்ணனும் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு கார்டுகளைக் காட்டினார். ஒன்று சிறியது, ஒற்றை மின்விசிறி உள்ளது, என் வேலைக்கு அதுவே போதும். மற்றது விளையாட்டுக்கென்றே செய்தது, மூன்று மின்விசிறி, முழங்கை நீளம் இருந்தது. "இது கார்டா, செங்கல்லா? என் பெட்டிக்குள்ள போகவே போகாது" என்று நான் சொன்னேன். அண்ணன், "போகலைன்னா நான் போக வைக்கிறேன். வேலை முடிஞ்சதும் ரெண்டு பேரும் பழையபடி விளையாடலாம்" என்றார். சிறுவயதில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து விளையாடியவர்கள் நாங்கள். அண்ணனுக்குக் கல்யாணமான பிறகு அது நின்றுபோயிருந்தது. பெரிய கார்டையே வாங்கினோம்.

அதன் பிறகு மறுநாள் சாயங்காலம் அண்ணி வேலையிலிருந்து வருவதற்கு முன்பு பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க் வைக்கும் கூட்டை அண்ணன் கழற்றி எடுக்க, நான் கார்டைப் பொருத்தினேன். மின்விசிறி மூன்றும் சுற்றின, ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. கடைக்காரருக்கு போன் செய்தேன். அவர், "கார்டுல குறை இல்லைம்மா. போர்டு பழைய செட்டிங்கையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கரண்டை நிறுத்திட்டு அதைக் கழட்டுங்க, எல்லாம் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிடும். பேட்டரியும் பழசாத்தான் இருக்கும், வேற போட்டுடுங்க" என்றார். அண்ணன் கீழே போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்தார். நான் பழையதைக் கழற்றி மேஜை மேல் திருகாணி வைத்திருந்த மூடிக்குள் போட்டேன்.

அப்போது பாப்பா ஒயர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கவனத்தைத் திருப்புவதற்காக அண்ணன் மூடியிலிருந்து பழைய பேட்டரியை எடுத்துத் தரையில் பம்பரம் போலச் சுண்டிவிட்டார். அவள் கைதட்டிச் சிரித்து, "இன்னொன்னு, இன்னொன்னு" என்றாள். அவர் மறுபடி மறுபடி சுண்டினார். நான் புதுப் பேட்டரியைப் போட்டு சுவிட்சை அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வந்தது. "வந்துடுச்சு பாரு!" என்று கத்திக்கொண்டு அண்ணன் எழுந்து என் பக்கம் வந்துவிட்டார். தேதி அழிந்து, குழந்தை பிறப்பதற்கு முந்தைய ஏதோ ஒரு வருடத்தைக் காட்டியது. நான் அன்றைய தேதியைப் போட்டுச் சேமித்தேன். அதன் பிறகு இருவரும் விளையாட உட்கார்ந்தோம். குழந்தை எங்களுக்குப் பின்னால் தரையில் இருந்தாள். அண்ணி வந்து, "பிள்ளை வாயெல்லாம் எச்சில் ஒழுகுது, அதைக்கூடத் துடைக்காம அப்படி என்ன விளையாட்டு உங்களுக்கு?" என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தோம்.

அன்று இரவு குழந்தை சாப்பிடவில்லை. மறுநாள் இருமினாள், பாலைக்கூட வெளியே தள்ளினாள். அண்ணி பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். தொண்டையில் சளி என்று மருந்து கொடுத்தார்கள். அவர்கள் போயிருந்தபோது அண்ணன் என் அறைக்கு வந்து, "அந்தப் பழைய பேட்டரியை எங்க வெச்ச?" என்று கேட்டார். "நீதானே சுத்திக்கிட்டு இருந்த?" என்றேன். இருவரும் குப்புறப் படுத்து டார்ச் அடித்து மேஜைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தேடினோம். கிடைக்கவில்லை. "காலைல பெருக்கினப்ப குப்பையோட போயிருக்கும்" என்று அண்ணன் சொன்னார். காலையில் வீட்டைப் பெருக்கியது நான். அதில் பேட்டரியைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. இருந்தும், "ஆமா, போயிருக்கும்" என்றேன். "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" என்று கேட்டேன். "சொல்லி எதுக்கு வீணா வயித்துல புளியைக் கரைக்கணும்? டாக்டர்தான் சளின்னு சொல்லிட்டாரே" என்றார். நான் டார்ச்சை அணைத்து வைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் குழந்தை எடுத்த வாந்தியில் ரத்தக் கோடு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "காசு எதையாவது முழுங்கினாளா?" என்று கேட்டு, உடனே அவரே, "காசுன்னா ஓரத்துல இப்படி ரெட்டை வளையம் தெரியாதே" என்றார். அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "பேட்டரி. முந்தாநேத்து சாயங்காலம். தீர்ந்துபோன பழசு டாக்டர்" என்றேன். டாக்டர், "தீர்ந்ததே போதும்மா, இந்தத் தொண்டைக்கு" என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடாமலேயே மேஜையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். குழாய் விட்டுப் பேட்டரியை எடுத்தார்கள். உணவுக்குழாய் வெந்துவிட்டது, உடனே கொண்டுவந்திருக்க வேண்டும், இனிமேல் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அதன் பிறகு அண்ணன் என்னை மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போய், "கழட்டினது நீதானே? கை தவறி உருண்டுடுச்சுன்னு சொல்லு. குடுத்தது நான்னு தெரிஞ்சா அவ என் முகத்துலயே முழிக்க மாட்டா. நீ எப்படியும் நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவ" என்றார். அவர் என் காலைத் தொடக் குனிந்தார். நான் விலகிக்கொண்டு சரி என்றேன். அண்ணியிடமும் டாக்டரிடமும் அப்படியே சொன்னேன். அண்ணி என்னைத் திட்டவில்லை. குழந்தையின் சட்டையை மடித்தவர், பிரித்துத் திரும்பவும் மடித்தார்.

மூக்கு வழியாகக் குழாயில் பால் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள், குரல் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் ஒரு மத்தியானம் அண்ணியின் மடியிலேயே வாய் வழியாக ரத்தம் கொட்டியது. பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் புண் அரித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். டாக்டர் வந்து சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டாள்.

அதன் பிறகு அண்ணி என் மேல் புகார் கொடுத்தார். சம்பவத்தின்போது தான் வீட்டிலேயே இல்லை என்றும், அண்ணி வருவதற்குச் சற்று முன்புதான் வந்ததாகவும் அண்ணன் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பதாக இங்கே விசாரணைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அண்ணனுக்கு வீடாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன் என்கிறேன். இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, தப்பிக்க அல்ல என்கிறேன். பேட்டரியைக் காணோம் என்று தேடியபோதே அண்ணியிடம் சொல்லியிருந்தால் குழந்தை பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அன்று வாயை மூடிக்கொண்டதில் எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி. என்னுடைய பாதியைக் குறைத்துக்கொள்ள நான் வரவில்லை.

குழந்தையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது அண்ணி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதை முழுங்கினப்ப அவ அழுதாளா சின்னி?" அன்று, "நான் பார்க்கல அண்ணி" என்று பதில் சொன்னேன். அது தவறு. நான் அல்ல, நாங்கள் பார்க்கவில்லை. இருவரும் ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தோம். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளவும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. முழுவதும் உண்மை.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி