பூனைக்குட்டி சரணாகதி

எங்க வூட்டுக்காரரு பின்னாடி பஸ்ல வர்றாரான்னா கேக்குறீங்க கவுஸ் பாய்? வருவாரு, வருவாரு. நீங்க வண்டிய எடுங்க. பீரோவ நல்லா இழுத்துக் கட்டுனீங்க இல்ல? ஆம்பூர் வரைக்கும் போவணும். புள்ள மடியிலயே தூங்கட்டும், எனக்கு ஒண்ணும் பாரமில்ல.

சாமான் ஏத்துறப்ப ஒரு கை குடுக்காம கண்ண மூடிக்கினு உக்காந்திருந்தாரே, அதையா கேக்குறீங்க? ஒடம்புக்கு ஒண்ணுமில்ல பாய், கல்லு மாதிரி இருக்காரு. சரணாகதி பண்ணிட்டாரு. அப்டின்னா, என்னுதுன்னு ஒரு இஷ்டமும் கெடையாது, எல்லாம் பெருமாள் இஷ்டம்னு விட்டுர்றது. ஷூ கம்பெனியில கட்டிங்ல இருந்தாரு. ஆளு கொறைச்சப்ப அனுப்பிட்டாங்க. மனசு ஒடஞ்சிதான் போனாரு, இல்லன்னு சொல்லல. அப்பதான் இங்க பள்ளிகொண்டாவுல ஒரு பஜனைக் கூட்டத்துல சேந்தாரு. அங்க ஒரு பெரியவரு சொன்னாராம், கொரங்குக் குட்டி தாய கெட்டியா புடிச்சிக்கினு தொங்கும், கைய வுட்டா போச்சு. பூனைக்குட்டி சும்மா கெடக்கும், தாயே கவ்வித் தூக்கிட்டுப் போவும். நீ பூனைக்குட்டியா இரு, அதான் விடுதலைன்னு.

அன்னிக்கி சுருண்டு படுத்தவருதான்.

வேற கம்பெனியில ஆளு எடுக்குறாங்க, போய்க் கேளுய்யான்னா, மேல இருக்குறவன் கூப்புடட்டும்ன்றாரு. கேஸ் தீந்துச்சின்னா அவன் செயல்ன்றாரு. ஆனா பசி மட்டும் டாண்ணு வந்துரும் பாய். அப்ப அவன கூப்புட மாட்டாரு, சங்கீதா, தட்டு எங்கன்னு என்னதான் கூப்புடுவாரு. ஊரு பெருமாளே படுத்துக்கினு இருக்காரு, பக்தன் மட்டும் எழுந்திரிப்பானா? அவருக்கு விடுதலை, எனக்கு ஓவர்டைம்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சிக்கினுதான் ஓட்டுனேன். போன வாரம் இந்த பூங்குழலிக்கு ஜுரம். ஜாஸ்தியானா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்யா, தெரு முனையிலதான் ஆட்டோன்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போனேன். ஷிப்ட் முடிஞ்சி வந்தா புள்ள நெருப்பா கொதிக்குது, கண்ணு சொருகிக் கெடக்குது. இவரு பக்கத்துலயே உக்காந்து நாமம் சொல்லிக்கினு இருக்காரு. ஏன்யா தூக்கலன்னேன். தூக்க நான் யாரு, அவன் காப்பாத்துவான்னாரு. நான்தான் தூக்கிக்கினு ஓடினேன். டாக்டரம்மா என்னதான் திட்டுனாங்க, அம்மாவா நீன்னு.

நேத்து சொன்னேன், ஆம்பூர்ல நான் வேல செய்ற கம்பெனியாண்ட வூடு பாத்துட்டேன், புள்ளையோட போறேன்னு. அவன் சித்தம்னாரு. எந்தத் தெருன்னு ஒரு வார்த்த கேக்கல.

பூனை குட்டி போட்டா ஏழு வூடு மாத்தும்பாங்க இல்ல? நான் கவ்விக்கினு வந்த குட்டி இதோ மடியில கெடக்குது. இன்னொண்ணு அங்கயே கெடக்கட்டும். பஸ்லயும் வரல, ஒண்ணுலயும் வரல. ஒரு தலகாணி, ஒரு தட்டு, அந்தப் பெருமாள் படம், அவ்ளோதான் வெச்சிட்டு வந்தேன்.

உங்க போன் நெம்பர சொவத்துல எழுதியிருக்கேன், கோச்சிக்காதீங்க. அவரா எழுந்து, அவரா கூப்ட்டு, என் பொண்டாட்டி புள்ள எங்கன்னு கேட்டாருன்னா வழி சொல்லுங்க. மனசு கேக்கல, அதுக்குதான் எழுதுனேன். பெருமாள் கேக்கச் சொன்னாருன்னு ஆரம்பிச்சா, போன வெச்சிருங்க பாய்.