திருடியவர் வீட்டுக்குப் போனவர்

"திருடுனவன் வூட்டுக்கே போயி, அதை எப்படி ஓட்டறதுன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்தியா?"

எண்பதுகளின் கடைசியில், தருமபுரியிலிருந்து பொம்மிடி போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிக் கேட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் அவருடைய தம்பி. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பிழைகளைக் கண்டுபிடித்துத் தரும் ஒரு புரோகிராமை அவர் எழுதி விற்கிறார் என்பது பேச்சில் புரிந்தது.

"மெதுவா பேசுக்கா. அவரு காசு குடுக்காம காப்பியடிச்சது என் புரோகிராமோட பழைய பிளாப்பி. அதுல ஒரு கோளாறு. ஓட்டறவங்க எழுதி வச்சதையெல்லாம் அழிச்சிடும்."

"அழியட்டுமே! உனக்கென்ன?"

"விஷயம் காதுக்கு வந்ததும் எச்சரிக்கத்தான் போனேன். அதுக்குள்ள அவரு ஆபீஸுக்கு எழுதுனதெல்லாம் அழிஞ்சே போச்சுக்கா. ஆபீஸ்ல தெரிஞ்சா அவரு வேலை போயிடும். கதவைத் தொறந்து என்னைப் பாத்ததும், போலீஸோட வந்துட்டேன்னு நெனச்சு திரும்பச் சாத்தப் பாத்தாரு."

"நீ என்ன பண்ணுன?"

"கூட உக்காந்து, முடிஞ்ச வரைக்கும் மீட்டுக் குடுத்தேன். கோளாறு சரி பண்ணுன பிளாப்பியும் குடுத்தேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "பேப்பர்ல விளம்பரம் குடுக்கவே வழியில்ல. இதுல தானம் வேறயா?"

"இப்ப அவரே தெரிஞ்ச ஆபீஸுக்கெல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போறாருக்கா. 'நான் இதைத் திருடுனவன்'னு சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்கறாரு."

"அய்யோ! வெக்கமே இல்லாமயா?"

"அதைக் கேட்டுத்தான் நம்பி வாங்கறாங்க."

பொம்மிடியில் இறங்கும்போதுதான் அக்கா மெல்லக் கேட்டார்.

"ஏன்டா, திருடிட்டுப் போற அளவுக்கா அது நல்லா இருக்குது?"