மிதி, பிடி, விடு

எங்கள் வீட்டுச் சமையலறையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு கார்புரேட்டர் ஏழு வருஷம் இருந்தது. முதலில் திட்டினேன். அப்புறம் பழகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை ஜாடியைத் துடைக்கிறபோது அதையும் துடைத்து வைப்பேன்.

நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள் ஐயா, நான் நிதானமாகவே சொல்கிறேன். முந்தாநாள் என் கணவரை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தீர்கள். ஜீப்பின் பின்சக்கரத்து பிரேக் நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டது தான்தான், அதனால்தான் மைத்துனன் செத்தான் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். அது தப்பு. அந்த மனிதர் மூடிய பாட்டிலை நான் இதுவரை திறந்தது கிடையாது. அவர் முறுக்கினால் முறுக்கினதுதான். அவரை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். சொல்ல ஆரம்பித்தால் முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் நில அளவையாளராக இருந்தவர். காடு மேடெல்லாம் அவரைச் சுமந்த ஆபீஸ் ஜீப்பை ஏலம் விட்டபோது, ஓய்வு பெற்ற கையோடு எடுத்துவந்தார். எடுத்துவந்தார் என்ன, லாரியில் ஏற்றிவந்தார். நாற்பது வயசு வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலையே ஏறும் என்பார். அன்றைக்கு அது எங்கள் வாசற்படியைக்கூட ஏறவில்லை. பக்கவாட்டுக் கொட்டகையில் அதைக் கழற்றிப் பரப்பினார். கதவு ஒரு பக்கம், கியர்பெட்டி ஒரு பக்கம். ஒவ்வொன்றாகத் துரு சுரண்டி, சிவப்புப் பூச்சு அடித்து, மறுபடி கோக்க வேண்டும். நல்ல வேலைக்காரர். அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போனது யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் கூடத்தில் சிவப்பாகக் காலடித் தடம். பூச்சை மிதித்துவிட்டு வந்து தரையைப் பாழாக்கிவிட்டாரே என்று முணுமுணுத்துக்கொண்டே மண்ணெண்ணெய்த் துணியோடு உட்கார்ந்தேன். வெறும் தண்ணீரிலேயே போயிற்று. ரத்தம். இரண்டு அங்குல ஆணி ஒன்று உள்ளங்காலில் இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறார். நான் பிடுங்கும்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின வருஷம் பக்கத்து வீட்டுக்காரரின் காரை ஓட்டிப் பார்த்தார். நான் கூட இருந்தேன். கால் ஆக்சிலரேட்டரில்தான் இருக்கிறது என்பது அவருக்கே தெரியவில்லை. சைக்கிளில் போன ஒரு பெண் பிள்ளையை அரை முழ இடைவெளியில் இடிக்காமல் விலகி, சாக்கடைக் கல்லில் மோதி நின்றது. அவரோ சிரித்தார். "பாத்தியா, எப்படி ஒடிச்சேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கால் விஷயம் வெளியில தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். யார்கிட்டயாவது வாயத் திறந்தே, அப்புறம் என்னை உயிரோட பார்க்க மாட்டே." விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

அன்றைக்குப் பிடித்த பயம் ஐயா. வண்டி முடிகிற அன்று இந்த மனிதர் தெருவில் இறங்கி யாரையாவது கொல்லப்போகிறார் என்றே நினைத்துக்கொண்டு இருந்தேன். தெருவில் எந்தப் பிள்ளை ஓடினாலும் எனக்குப் பதறும். அதனால் வண்டி முடியாமல் பார்த்துக்கொண்டேன்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. கட்டைவிரல் அளவு ஒரு சாமானை எடுத்து மாவு டப்பாவுக்குள் போட்டால் மூன்று மாசம் தேடுவார். பழைய வண்டி, மாற்றுச் சாமான் கிடைக்காது. "என் கைக்கு என்னமோ ஆயிடுச்சுடி, வச்சது வச்ச இடத்துல இல்லை" என்பார். பாவமாகத்தான் இருக்கும். கூடவே நானும் குனிந்து தேடுவேன். ஹேண்ட்பிரேக் கம்பியும் அப்படிப் போனதுதான். பரண்மேல் பழைய தலையணை உறைக்குள் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷக் கடைசியில் எஞ்சின் ஓடிவிட்டது. ஒளித்துவைக்க எனக்கு வேறு சாமான் இல்லை. பாக்கி பிரேக் மட்டும்.

பிரேக் குழாயில் எண்ணெய்தான் இருக்க வேண்டும், காற்று இருக்கக் கூடாது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்துச் சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். கீழேயிருந்து அவர் குரல் கொடுப்பார். மிதி. பிடி. விடு. நான் செய்வேன். முடிந்ததும், "எப்படி இருக்கு?" என்பார். கல் மாதிரி இருந்தால் பிரேக் சரி. மெத்தென்று இறங்கினால் இன்னும் காற்று இருக்கிறது. அதை மிதிக்கிற கால்தான் சொல்ல வேண்டும். அவர் கால் சொல்லாது. "இதுக்கு உன் கால்தான் என் கால்" என்று அவரே சொன்னார்.

முதல் நாளே கல் மாதிரி இருந்தது. மெத்தென்று இருக்கிறது என்றேன்.

நாலு மாசம் அதையே சொன்னேன். மனிதர் ஒவ்வொரு சக்கரத்தையும் எத்தனை தடவை பிரித்தார் என்று கணக்கில்லை. கடைசியில் தோற்றுப்போய் என் தம்பிக்குப் போன் பண்ணினார்.

என் தம்பி லாரி மெக்கானிக். என்னைவிடப் பதினாலு வயசு சின்னவன். இடுப்பில் தூக்கி வளர்த்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்றான். ஒரே மிதியில் அவனுக்குத் தெரிந்துவிடும். நாலு மாசமா ஏன்டி பொய் சொன்னே என்று அவர் கேட்பார். அப்புறம் மாவு டப்பா, பரண் எல்லாம் வரும். ஏழு வருஷமாக நான்தான் என்று தெரிந்தால் அவர் என்ன செய்வார்? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

பெடல் நிஜமாகவே மெத்தென்று இருந்துவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும், இல்லையா? அவர் குளிக்கப் போனபோது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தடியில் படுத்தேன். அந்தச் சின்ன நட்டை அரைச் சுற்று தளர்த்த நினைத்தேன். எண்ணெய் சொட்டினால் பார்த்துவிடுவார்களே என்ற பயத்தில் கால் சுற்றோடு விட்டேன்.

அது போதவில்லை. தம்பி ஏறி நாலு மிதி மிதித்தான். "கல்லு மாதிரி இருக்கே மாமா! அக்காவுக்குக் கால்ல மெத்தை கட்டியிருக்கு போல." இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் புரியாமல் சொல்லிவிட்டேன் என்றே நினைத்தார்கள். அதோடு நான் தப்பித்தாயிற்று. நட்டை முறுக்க மட்டும் இடைவெளி கிடைக்கவில்லை. சாவி தம்பி கையில் இருந்தது. என்னவர் குழந்தை மாதிரிப் பக்கத்து ஸீட்டில் ஏறிவிட்டார்.

முதலில் தெருக்கோடி வரை போய்த் திரும்பி, வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்கள். அங்கே பார்த்தேன். பின்சக்கரம் வந்த வழியெல்லாம் ஈரமாக ஒரு கோடு. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் எண்ணெய் வெளியே வரும். பத்து மிதி தாங்கும், மிஞ்சினால் பதினைந்து. நாலு மாசம் மிதித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா.

"வரியா அக்கா? தண்ணித்தொட்டி சரிவு வரைக்கும் ஒரு ரவுண்ட்."

இறங்குடா என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பான். என்னவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

அவர்கள் போனதும் வாசலில் இருந்த ஈரத்தைச் செருப்பால் மண் தள்ளி மூடினேன். மண் தள்ளி முடிக்கவில்லை, சத்தம் கேட்டது. தொட்டிச் சுவரில் தம்பியின் பக்கம் அடித்தது. ஸ்டியரிங் மார்பில் ஏறிவிட்டது என்றார்கள். அவருக்குக் கை மட்டும் முறிந்தது.

அழுதேன் ஐயா. பொய் அழுகை இல்லை. தூக்கி வளர்த்தவன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே, அந்த வாரம்தான் பல வருஷத்துக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன். இனி வண்டி இல்லை. அவரும் இனி எதையும் தொட மாட்டேன் என்றுவிட்டார். கால் மரத்த விஷயத்தைத் தன் வாயாலேயே உங்களிடம் சொல்லிவிட்டாராமே. அதைத்தானே நான் இத்தனை வருஷமாக வேண்டினேன். தன் கைதான் நட்டைத் தளரவிட்டது என்று தினம் அவர் குமுறினபோது, ஆமாம் போலிருக்கிறது என்று தலையை நீவிவிட்டேன். அவர் அப்படி நினைப்பதுதான் எல்லாருக்கும் நல்லதாக இருந்தது.

ஆனால் நீங்கள் அவரை உள்ளே வைப்பீர்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு நாளாக மறுபடி அதே பயம். அங்கே அவர் பாதத்தை யார் பார்ப்பார்கள்? தினம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு விரல் இடுக்கும். சின்னக் கீறல் போதும், காலையே எடுத்துவிடுவார்கள். அதனால்தான் வந்தேன். அவரை அனுப்பிவிடுங்கள். தம்பி பொண்டாட்டியை வரச்சொல்லியிருக்கிறேன். நல்ல பெண், பொறுமைசாலி, இப்போது அவளுக்கும் வீட்டில் வேலை இல்லை. நீங்க சொன்னா சரி அண்ணி என்றாள். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்படிக் கழுவ வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? அதற்கு முன்னால் இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவர் ஓட்டி யாரும் சாகவில்லை. நான் சாகவிடவில்லை.