ஒரு பருவத்துக்கு ஒரு வெட்டு

நர்சரிக்குச் செடி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இலையைப் பார்ப்பார்கள், சார். நான் அடியைப் பார்ப்பேன். தொட்டி மண்ணை விரலால் விலக்கி, தண்டு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் விலையே கேட்பேன். நர்சரிக்காரர் கிண்டல் பண்ணுவார். "பொண்ணு பார்க்க வந்தவர் முகத்தைப் பார்க்காம பாதத்தைப் பார்க்கற மாதிரி இருக்குங்க."

தொட்டிக்குள்ளேயே குட்டை மரமாக வளர்க்கிற போன்சாய்க்கு ஜூனிப்பர் மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கிற மரம் கிடையாது. வாங்கி வரும்போது அது வெறும் புதர். உள்ளே ஒரு மரம் ஒளிந்திருப்பது நமக்கு மட்டும்தான் தெரியும். வேண்டாத கிளைகளை வெட்டி, மிச்சத்தில் அலுமினியக் கம்பி சுற்றி, கட்டைவிரலை அண்டக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். அவசரம் கூடாது. ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய வேலை, அவ்வளவுதான். கிளையை வெட்டிய பருவத்தில் வேரைத் தொடக் கூடாது. அப்புறம், எந்தக் கிளையானாலும் நுனியில் கொஞ்சம் பச்சை விட்டுவைக்க வேண்டும். மொட்டை அடித்தால் கிளை காய்ந்துவிடும்.

தங்கச்சிக்கு இதெல்லாம் பிடிக்காது. மொட்டைமாடியில் துணி காயப்போட வரும்போது என் தொட்டிகளை ஒரு பார்வை பார்ப்பாள்.

"அது உனக்கு என்னண்ணா துரோகம் பண்ணிச்சு? கையைக் காலைக் கட்டிப் போட்டிருக்கே."

"அழகா வரும், பாரு."

"யாருக்கு அழகு? அதைக் கேட்டியா நீ?"

வாய் அதிகம் அவளுக்கு. நான் வளர்த்த பிள்ளை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் தலை பின்னிவிடுவேன். வகிடு கோணலாகத்தான் வரும். அப்படியே போவாள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எனக்கு வரன் வந்தபோதெல்லாம் அவளைக் காரணம் காட்டித் தட்டிக் கழித்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அது போதுமென்று இருந்தது எனக்கு.

படிப்பு முடிந்ததும் வெளியூரில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதைச் சொல்ல அந்தக் கம்பெனியிலிருந்து போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். அவளுக்கு இஷ்டமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கூப்பிடுவார்கள் என்று பாவம் காத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். மறுவருஷம் அவளுடைய உயிர்த்தோழி வீட்டுக்கு வருவது நின்றது. அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் என்பது இப்போது முக்கியமில்லை. இடைவெளி விட்டுத்தான் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் தேறி எழுந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

பச்சையும் விட்டுவைத்தேன். சாயங்காலம் நூலகத்துக்குப் போய் வருவதை நான் தடுத்ததே இல்லை. புத்தகம்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். துளிர் அங்கிருந்துதான் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நூலகத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. அந்தக் கடைக்காரர் ஒருநாள் வீட்டுக்கே வந்து பெண் கேட்டார். நல்ல மனிதர்தான். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அவளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றேன். எந்த மாப்பிள்ளையும் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பான்.

அவர் எழுந்திருக்கவில்லை. "அதனால என்னங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அந்தப் பருவத்து வேலை வீணாகிவிட்டது, சார். கல்யாணத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அவள் கல்யாணப் புடவையை என்னிடம் விரித்துக் காட்டி, "நீ அழுதா எனக்கும் அழுகை வந்துடும்ணா, அன்னிக்கு மட்டும் அடக்கிக்கோ" என்றாள்.

மழைக்காலம். போன்சாய்த் தொட்டிகளில் மண்ணை மூட நான் பாசி வளர்ப்பது வழக்கம். காய்ந்த பாசியைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துப் பூசி, நிழல் கொடுத்து ஈரமாக வைத்திருந்தால் போதும், வெல்வெட் மாதிரி படர்ந்துவிடும். மாடிப்படியில் மேலிருந்து இரண்டாவது படியில் பூசினேன். வெயில் விழாமலிருக்க ஒரு பெரிய தொட்டியை நகர்த்தி வைத்தேன். தினமும் பூவாளியால் நனைத்தேன். நல்ல பச்சை. நான் வளர்த்ததிலேயே அதுதான் சீராக வந்தது.

கால் முறியும், கல்யாணம் தள்ளிப்போகும் என்பதுதான் என் கணக்கு. வளைக்கத்தான் பார்த்தேன், ஒடிக்க அல்ல. துணிக்கூடையோடு இறங்கியவளுக்கு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

விசாரிக்க வந்த உங்கள் ஸ்டேஷன் ஆளே அந்தப் படியில் வழுக்கப் பார்த்தார். "மழைக்காலத்துல படியைத் தேய்ச்சு வைக்கக் கூடாதா? நல்ல அண்ணன் போங்க" என்று என்னைத் திட்டிவிட்டு, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஊட்டிவிட்டேன், தலை பின்னிவிட்டேன். "நீ இல்லேன்னா என் கதி என்னண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இனி எங்கேயும் போக மாட்டாள் என்று நினைத்தேன்.

கண்ணாடிக்கடைக்காரர் சக்கர நாற்காலியோடு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாலை மாற்றிக்கொண்டார்கள். நர்சுகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

போனவள் ஆரம்பத்தில் தினமும் போன் செய்தாள். பிறகு குறைந்துவிட்டது. "கடை வேலை சரியா இருக்குண்ணா, கண்ணாடிக்கு அளவு எடுக்கறது இப்ப நான்தான்" என்பாள். பின்னால் யாரோ சிரிப்பது கேட்கும். முன்பெல்லாம் நான் இருமினால் பக்கத்து அறையிலிருந்து "மருந்து குடிச்சியா?" என்று குரல் வரும். இப்போது இருமினால் இருமல் மட்டும்தான் கேட்கிறது. ஜூனிப்பர்களுக்கு நான் எது செய்தாலும் சம்மதம். யாருக்கு அழகு என்று கேட்க ஆளில்லை.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. யாரும் சந்தேகப்படாதபோது ஏன் நீயாக வந்து சொல்கிறாய் என்றீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. படியில் பாசி வளர்த்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளிடம் நீங்கள் இதை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். கேட்டதும் துடித்துப்போவாள். கோபம் வந்தால் அவள் போனில் பேசுகிற ரகமில்லை. ஏண்ணா இப்படிச் செய்தாய் என்று நேரில் வந்து நின்று கேட்பாள். நிற்க முடியாது, மறந்துவிட்டேன்.

உங்கள் ஜெயிலில் பார்வையாளர் அறை வாசல் சக்கர நாற்காலி நுழைகிற அகலத்துக்கு இருக்குமா, சார்?