வாய் திறக்காத மணப்பெண்

எங்கள் ஏரிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். தேவாலயத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். அமெரிக்கர்களானாலும் ஜப்பானியர்களானாலும் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மனிதர்களைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது, இன்ஸ்பெக்டர். என்னைப் பற்றியும் கிடையாது என்றுதான் போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வின்கோ. படகுக்காரன். கரையில் ஆட்களை ஏற்றி, ஏரி நடுவில் இருக்கும் தீவில் இறக்கி, அவர்கள் தேவாலய மணியை அடித்து, படம் எடுத்து, க்ரீம் கேக் சாப்பிட நேரமாகிவிட்டது என்று முணுமுணுக்கும்போது திரும்ப ஏற்றி வருவது என் வேலை. அப்பா செய்த வேலை. எங்கள் படகுகள் அகலம் குறைவானவை. இரண்டு பக்கமும் கனம் சமமாக இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். ஆகையால் ஒருவர் படகுத்துறையில் நடந்து வரும்போதே அவர் எவ்வளவு கனம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வாய் விட்டுக் கேட்க முடியாது, கேட்டால் அடி விழும். "இந்தப் பக்கம் வந்து உக்காருங்கம்மா, இங்கேருந்துதான் மலை நல்லாத் தெரியும்" என்று சொல்லி, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார வைத்துவிடுவேன். எங்கள் தொழிலில் பொய் என்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

அப்படிச் சொன்ன பொய்தான் இதுவும். தீவில் கல்யாணம் செய்கிற மாப்பிள்ளை, பெண்ணைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையிலிருந்து தேவாலயம் வரைக்கும் படியேற வேண்டும். இது பழைய வழக்கம், உங்களுக்குத் தெரியும். ஆனால் பெண்கள் சும்மா வருவதில்லை. கீழே போட்டுவிடாதே என்று கத்துவார்கள், சிரிப்பார்கள், அவன் கழுத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்து கால் தடுமாறும். ஒருமுறை மிலானிலிருந்து வந்த ஒரு பெண் படகிலேயே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஒல்லி. இது சரிவராது என்று எனக்குப் பட்டது. தேவாலயக் கதவைக் கையால் தொடும்வரை மணப்பெண் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் கல்யாணம் நிலைக்காது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். ஏன் என்று கேட்பார்கள் என்று நான் யோசித்திருக்கவில்லை.

அங்கேயே, துடுப்புப் போட்டுக்கொண்டே, ஆகத்தாவை உண்டாக்கினேன். மாவு மில்காரரின் மகள். பாதிப் படியில் "என் செருப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னாள். தூக்கிக்கொண்டு போனவன் திரும்பிப் பார்த்தான், வழுக்கினான், இரண்டு பேரும் உருண்டு ஏரியில் விழுந்தார்கள், அவ்வளவுதான். கடைசியில், அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் படியில் மட்டும் பேசுவதில்லை, அதற்கும் சேர்த்து வீட்டில் பேசிவிடுவார்கள் என்று ஒரு வரி. படகு முழுக்கச் சிரித்தது. இது எப்போது நடந்தது என்று ஒருவர் கேட்டார். எங்கள் தாத்தா அவருடைய தாத்தாவிடம் கேட்ட கதை என்றேன்.

பிறகு எல்லாப் படகுக்காரர்களும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கேக் கடையில் செருப்பு வடிவத்தில் ஒரு பிஸ்கட் வந்தது. படகுத்துறையில் சுற்றுலா அலுவலகம் ஒரு பலகை வைத்தது: "பல நூற்றாண்டுகளாக இவ்வூர் மக்கள் சொல்லிவரும் பழங்கதை." அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போவேன். முதல் சில நாட்கள் அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் அதில் என் பெயர் இல்லை என்பது கண்ணில் பட ஆரம்பித்தது.

ராடோ என் மனைவி மார்யெட்டாவின் தம்பி. அவனும் படகுக்காரன். நல்லவன் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனாலும் நல்லவன்தான். எடை கணிக்கத் தெரியாது, அவன் படகு எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் போகும். அவன் என் கதையைச் சொல்லும்போது கடைசி வரியை விட்டுவிட்டான். ஆகத்தா விழுந்ததும் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். ஒன்றும் சொல்ல மாட்டான். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அவ்வளவுதான், படகில் இருக்கும் பெண்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். ஒரு நாள் ஒரு ஜெர்மன் லாரி டிரைவர் அழுததை நானே பக்கத்துப் படகிலிருந்து பார்த்தேன்.

"நீ சொன்னா சிரிக்கிறாங்க, அவன் சொன்னா அழறாங்க. சிரிச்சவன் கரை ஏறினதும் மறந்துடுவான்" என்றாள் மார்யெட்டா. காளான் நறுக்கிக்கொண்டே சொன்னாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போன செப்டம்பரில் சுற்றுலா அலுவலகத்து இரேனா, பயணிகள் காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்கிற கருவி ஒன்று வரப்போகிறது என்றாள். ஒருவர் குரலில் பதிவு செய்து மற்ற மொழிகளில் பெயர்த்துக்கொள்வார்களாம். என்னையும் ராடோவையும் அழைத்து ஒத்திகை பார்த்தார்கள். நான் சொன்னேன். இரேனா சிரித்தாள், ஒலிப்பதிவு செய்த ஆளும் சிரித்தார். ராடோ சொன்னான். துடுப்பு இல்லையே என்ன செய்வான் பார்க்கலாம் என்று நான் உள்ளுக்குள் குஷியாக இருந்தேன். அவன் சும்மா நிறுத்தினான். ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க வின்கோ" என்றாள் இரேனா. "உங்களுக்கு நல்ல குரல். ஆனா நீங்க சொன்னா ஏதோ பொய் சொல்ற மாதிரியே இருக்கு."

"பொய்தாம்மா. அந்தக் கதையைக் கட்டினதே நான்தான்."

அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "இதையும் படகுல சொல்லுங்க, நல்லாச் சிரிப்பாங்க."

ராடோ என்னைச் சாராயக் கடைக்குக் கூட்டிப்போனான். பிளம் சாராயம் ஒரு கிளாஸ் வாங்கி என் முன்னால் வைத்தான்.

"என்ன அத்தான் இப்படிப் பண்றீங்க? தாத்தா சொன்ன கதைன்னு என்கிட்டயே சொன்னது நீங்கதானே?"

"அது பொய் மச்சான்."

"அப்ப இப்ப சொல்றது?"

நான் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தேன். அவன் என் முதுகைத் தடவினான். "விடுங்க அத்தான். ஒரு கதைக்குப் போயி இவ்வளவு பொறாமையா?"

எனக்குப் பொறாமை இல்லை. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் யோசித்தது உண்மையைப் பற்றி. ஒரு பொய்யைப் படகுக்காரன் சொன்னால் கேட்கிறவன் அரைகுறையாகத்தான் நம்புவான். அதையே ஒரு கருவி, அதுவும் அழவைக்கிற குரலில், எத்தனையோ மொழிகளில் சொன்னால் அது சரித்திரமாகிவிடும். அதற்கு நான் பொறுப்பு. பொறுப்பை உணர்கிற ஆள் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

ஹாலந்துக்காரர்களின் கல்யாணம் அக்டோபரில். அதற்கடுத்த வாரம் ராடோவின் ஒலிப்பதிவு. மணப்பெண்ணின் பெயர் ஃபெம்கே, மாப்பிள்ளை யோரிஸ், தேக்குமரம் போல ஆள். விருந்தினர்கள் என் படகில் வந்தார்கள். மணமக்கள் ராடோவின் படகில் வந்தார்கள், வாய் திறக்கக் கூடாது என்று அவனே அவளிடம் சொல்லியிருக்கிறான். தீவில் இறங்கியதும் விருந்தினர்கள் எல்லோரும் முன்னால் ஏறிப்போய்த் தேவாலய வாசலில் காத்திருப்பார்கள், புகைப்படக்காரரும் அங்கேதான் நிற்பார். தூக்கிக்கொண்டு ஏறுகிறவனுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அந்த ஏற்பாடும் நான் கொண்டுவந்ததுதான், படம் நன்றாக வரும் என்று. ஆக, படகுத்துறையில் நானும் ராடோவும் மட்டும்தான்.

அவன் குந்தி உட்கார்ந்து படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் படகுக்காரர்கள் போடும் கனத்த கம்பளிக் கோட்டும் பூட்ஸும் போட்டிருந்தான். நனைந்தால் அந்தக் கோட்டு எவ்வளவு கனக்கும், அவனோடு சேர்த்து எவ்வளவு இருக்கும் என்று ஒரு வாரமாகவே கணித்துவைத்திருந்தேன். ஆகையால் கோபத்தில் செய்தது என்று எழுதாதீர்கள். துடுப்பின் பிடியால் ஒரு தள்ளு. பலமாகக்கூட இல்லை. இரண்டு படகுகளுக்கும் நடுவில் விழுந்தான். அக்டோபர்த் தண்ணீர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், கத்த வராது. மேலே வந்து "அத்தான்" என்றான். கால் தவறி விழுந்ததாகத்தான் நினைத்திருக்கிறான். கையை நீட்டினான். நான் துடுப்பை நீட்டினேன். அவன் பிடித்துக்கொண்டான்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நன்றி.

அவன் பிடித்ததும் நான் துடுப்பைக் கீழே அழுத்தினேன். விடமாட்டான் என்று தெரியும். என் கையிலிருந்த துடுப்பு என்பதால் விடமாட்டான்.

அழுத்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். யோரிஸ் பாதிப் படியில் இருந்தான், முகம் தேவாலயத்தைப் பார்த்து. அவன் தோளுக்கு மேலே ஃபெம்கேயின் முகம் என்னைப் பார்த்து. எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை பாருங்கள். தூக்கிக்கொண்டு போகிறவன் முன்னால் பார்ப்பான், தூக்கப்படுகிறவள் பின்னால் பார்ப்பாள். எத்தனை கல்யாணத்தைப் பார்த்திருக்கிறேன், என் மூளையை என்ன சொல்வது.

அவள் வாயைத் திறந்தாள். நான் ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.

மூடிக்கொண்டாள். சுற்றுலா வந்தவர்களைப் போல் சொன்னபடி கேட்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள், யோரிஸின் முதுகில் கையால் குத்தினாள். பாவம், அவனுக்கு அது உற்சாகப்படுத்துவதாகத் தோன்றியிருக்க வேண்டும், இன்னும் வேகமாக ஏறினான். கதவைத் தொட்டதும் அவள் அலறிய அலறல் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். விருந்தினர்கள் கை தட்டினார்கள். யாரோ மணியை அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது நான் தண்ணீரில் குதித்து அவனைத் தூக்கப் பாடுபட்டேன். எல்லோரும் ஓடிவந்தபோது நான் அவனைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். நடுக்கம் நிஜம்.

போர்வையைப் போர்த்திக்கொண்டு நான் நிற்கிற படம் பேப்பரில் வந்தது. கொஞ்சம் தொப்பை தெரிந்தது. அந்தப் பெண் போலீசிடம் சொல்லத்தான் செய்தாள். உங்கள் ஆட்கள், அதிர்ச்சியில் பேசுகிறாள், காப்பாற்றத் துடுப்பு நீட்டியதைத்தான் பார்த்திருக்கிறாள் என்று முடித்துவிட்டார்கள். மார்யெட்டா என் நெஞ்சில் சாய்ந்து, "என் தம்பியைக் காப்பாத்தப் பாத்தியே, அது போதும்" என்று அழுதாள். அன்றைக்கு மட்டும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. சூப் கொடுத்தாள், குடித்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒத்திகைப் பதிவை இரேனா அழிக்காமல் வைத்திருந்தாள். அதையே சுத்தம் செய்து, "ராடோவின் நினைவாக" என்று முன்னால் ஒரு வரி சேர்த்து, வசந்தத்தில் கருவியில் போட்டுவிட்டார்கள். இந்தக் கோடை முழுக்க என் படகில் ஏறியவர்கள் எல்லோர் காதிலும் அவன்தான். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஏரி நடுவில் வந்ததும் இரேனா சொன்னபடி நான் துடுப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கருவியில் இல்லாத அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு நான் வேண்டுமாம். பிடித்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் சொட்டும். எல்லோரும் அழுவார்கள். கொன்றவனையே பக்கவாத்தியம் வாசிக்க வைத்துவிட்டான் என் மச்சான்.

அதனால்தான் நானாகவே வந்தேன். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். நீங்களும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தள்ளினேன் என்றேன், நம்பினீர்கள். அழுத்தினேன் என்றேன், ஒரு மறுகேள்வி இல்லை. கதை நான் கட்டியது என்று சொன்னபோதுதான் தட்டச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள்.

"அது மட்டும் வேண்டாம் வின்கோ. நான் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரி. சின்னப் புள்ளையா இருக்கறப்ப எங்கம்மா தூங்க வைக்கச் சொன்ன கதை அது" என்றீர்கள்.

உங்கள் அம்மா சொல்லியிருக்க முடியாது. நீங்கள் பள்ளிக்கூடம் முடித்த பிறகு பிறந்தவள் ஆகத்தா. சந்தேகம் இருந்தால் ஃபெம்கேயைக் கேளுங்கள். கடைசிவரை வாய் திறக்காதவள் அவள். அப்படியும் கிறிஸ்துமஸுக்குள் விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இரவெல்லாம் தூக்கம் இல்லையாம், பக்கத்தில் யோரிஸைப் பார்த்தாலே படி நினைவு வருகிறதாம். நிஜமான பழங்கதையாக இருந்தால் பலித்திருக்காதா?

நீங்கள் அடித்த தாளைப் படித்துவிட்டேன். "பழங்கதை ஒன்றைச் சொல்வது தொடர்பாக இருவருக்கும் ஏற்பட்ட மனக்கசப்பில்" என்று போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு, "வின்கோ கட்டிய கதை" என்று போடுங்கள். எத்தனை வருடம் உள்ளே வைத்தாலும் சரி, அதை மாற்றாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்று. ராடோ துடுப்பைப் பிடித்துக்கொண்டான் என்று சொன்ன இடத்தில் நான் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன் அல்லவா. எனக்குத் தாகம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் உங்களுக்கு அழுகை வந்ததா, இன்ஸ்பெக்டர்?